சர்வருக்கும் பூட்டு வேண்டும்

அக்குறணையில் மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர், தனது மூன்று கிளைகளையும் இணைக்கும் கணனி மென்பொருள் ஒன்றை நிறுவியிருப்பதாகவும் ஒருமுறை வந்து பார்க்குமாறும் என்னை அழைத்திருந்தார். களஞ்சிய இருப்பு, காசோலைத் திகதிகள், வெளியூர்க் கடைக்காரர்களின் கடன் நிலுவை எல்லாம் அதில்தான். கொப்பி எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

கடையின் இணைப்பைப் பயன்படுத்தாமல், எனது கைத்தொலைபேசியிலிருந்து அந்த முகவரியைத் தட்டினேன். நிர்வாகப் பக்கம் திறந்தது. ஹாஜியாரின் அனுமதியுடன், மென்பொருளின் கையேட்டில் உதாரணமாக அச்சிடப்பட்டுள்ள பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். உள்ளே விட்டது. அங்கிருந்து கடன் பட்டியலை எட்டப் பத்து நிமிடம் செல்லவில்லை.

"தம்பி, கடைக்கு மூணு பூட்டு போட்டிருக்கேன். இதுக்கும் பூட்டு போட வேணுமெண்டு யாரும் சொல்லலையே" என்றார். நிறுவியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சீக்கிரம் வேலை முடிய வேண்டும் என்றுதான் அவரிடமும் கேட்கப்பட்டிருந்தது.

வெப்லொஜிக், டொம்கெட் போன்ற அப்ளிகேஷன் சர்வர்கள், பாவனையாளருக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் நிற்பவை. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் முகாமையாளரைப் போல. அவரை ஏமாற்றினால் கல்லா போய்விடும். எனவே, சீடியைப் போடுவதற்கு முன்பே சிலவற்றைத் தாளில் எழுதித் தீர்மானிக்க வேண்டும்.

இந்த மென்பொருள் எந்தக் கணக்கின் பெயரில் இயங்கப் போகிறது? கணனியின் முழு அதிகாரமும் கொண்ட கணக்கில் இயக்கினால், மென்பொருளில் உள்ள ஒரு ஓட்டை முழுக் கணனியையும் திறந்துவிடும். அதற்கென்றே குறைந்த அதிகாரத்துடன் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். தரவுத்தளத்துக்கும் அப்படியே. வெப்லொஜிக்கை அமைக்கும்போது, பரீட்சார்த்த முறையா உண்மைப் பாவனை முறையா என்று கேட்கும். பலர் இலகுவானதைத் தெரிவு செய்துவிட்டு, அதிலேயே வருடக்கணக்கில் வியாபாரம் நடத்துகிறார்கள். மாதிரிச் செயலிகளும் மாதிரிச் சான்றிதழ்களும் கடையில் இருக்கத் தேவையில்லை.

நிர்வாகப் பக்கம் இணையத்துக்குத் திறந்திருக்கவே கூடாது. 2020 ஒக்டோபரில் வெப்லொஜிக்கின் நிர்வாகப் பக்கத்தில் இருந்த ஒரு குறைபாட்டுக்கு ஒராக்கள் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழைய அது வழிவிட்டது. திருத்தம் வந்து சில நாட்களிலேயே தாக்குதல்கள் ஆரம்பமாகிவிட்டன. வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டுமென்றால் விபிஎன் மூலம் வரட்டும்.

திருத்தங்களுக்கான செலவை முதல் நாளே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே கசப்பான பாடம் உண்டு. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மேகக்கணிச் சேவை ரென்சம்வெயர் தாக்குதலுக்கு உள்ளானது. மின்னஞ்சலுக்குப் பயன்பட்டது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அவ்வருட ஏப்ரலிலேயே முடிவடைந்திருந்தது. தரமுயர்த்தும் திட்டம் இருந்தும், நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் தாமதித்தது. இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் சேர்த்தே பூட்டப்பட்டதால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அரசாங்கத்துக்கே இந்த நிலை. மூன்று மாதக் காசோலைக் கணக்குப் போனால் நமது வியாபாரி என்ன செய்வார்?

ஹாஜியாரின் காப்பு டிஸ்க்கும் சர்வரிலேயே செருகப்பட்டிருந்தது. சர்வர் இருந்ததோ கீழ்த்தளத்தில், மேசைக்கு அடியில்! பிங்கா ஓயா பெருக்கெடுத்தால் அக்குறணை நகரின் நிலை என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. ஹேக்கர் வரும் முன் வெள்ளம் வந்திருக்கும்.

இப்போது சர்வர் மேல்மாடியில் இருக்கிறது. இரண்டு காப்பு டிஸ்க்குகள். ஒன்று எப்போதும் கண்டிக் கிளையில், இணைப்பு இல்லாமல். வியாழன்தோறும் மாற்றுகிறார்கள். மாதமொருமுறை அதிலிருந்து கணக்கை மீள எடுத்துப் பார்க்கும்படி சொன்னேன், எடுக்க முடியாத காப்புப் பிரதிகளை நிறையவே பார்த்திருக்கிறேன். கடவுச்சொல் முகாமையாளரிடம் ஒன்று, ஹாஜியாரிடம் மூடிய உறையில் ஒன்று. நிறுவியவரின் பழைய கணக்கை அவர் முன்னிலையிலேயே நீக்கினோம். அவரும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.