வணிகக் குடும்பமும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும்

பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தல் பெற்றோரின் முதற்கடமை என்பதில் நம்மிடையே இருவேறு கருத்து இல்லை. எப்பள்ளியில் சேர்ப்பது, அதற்குரிய பொருளை எங்கிருந்து எடுப்பது என்னும் இரண்டு வினாக்களில்தான் பலர் இடறுகின்றனர். மாதச் சம்பளம் பெறுவோர்க்கு வருவாய் இன்னதென்று முன்னரே தெரியும். நெல், மளிகை, பாத்திரம், பட்டு என வணிகம் செய்வோர்க்கு அவ்வாறு தெரியாது. ஓராண்டு இலாபம் பெருகும். மறு ஆண்டு முதலே கரையும். ஆதலின் இதனை நாம் தனியே ஆராய்தல் வேண்டும்.

ஒரு நிகழ்ச்சி

எம் உறவினர் ஒருவர் நெல் வணிகர். விளைச்சலும் விலையும் ஒத்து வந்த ஓராண்டில் தம் மகனை நகரத்துத் தனியார் பள்ளியொன்றில் சேர்த்தார். உடன் தொழில் செய்வோரின் பிள்ளைகள் அங்கே பயின்றமையே அதற்குக் காரணம். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதனவாக அறிவிக்கப்பட்டபோது அவருடைய வணிகம் முடங்கியது. கொள்முதலுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து பள்ளிக் கட்டணம் கட்டினார். அடுத்த பருவத்தில் கொள்முதலுக்கு வட்டிக்கு வாங்கினார். முடிவில், எட்டாம் வகுப்பின் இடையிலேயே பிள்ளையை நிறுத்தி உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்க நேர்ந்தது. அங்கும் அவன் நன்றாகவே படித்துத் தேறினான். ஆயினும், “நான் சரியாகப் படிக்காததனால்தானே, அப்பா?” என்று அவன் அன்று கேட்டதை அவர் இன்றும் சொல்லிக் கண் கலங்குவார். தந்தையின் கணக்குப் பிழையைப் பிள்ளை தன் குற்றமாக எண்ணிக்கொண்டான்.

கணக்கிடும் முறை

சேர்க்கும் ஆண்டின் கட்டணத்தை மட்டும் பார்த்தல் போதாது. முதல் வகுப்பில் ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்றும், அது ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்து உயர்கிறது என்றும் கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பில் கட்டணம் 1,14,000 ரூபாயைத் தாண்டும். பன்னிரண்டு ஆண்டுகளின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 8,55,000 ரூபாய். ஊர்தி, சீருடை, புத்தகம் ஆகியவை தனி.

பின்னர்க் கடந்த ஐந்தாண்டுக் கணக்கை எடுத்து, வருவாய் மிகக் குறைந்த ஆண்டு எதுவெனக் காண்க. அத்தகைய ஆண்டிலும், உயர்வகுப்புக் கட்டணத்தைக் கடனின்றிக் கட்ட இயலுமா? இயலுமாயின் அப்பள்ளி நமக்குத் தகும். நல்ல ஆண்டின் இலாபத்தை அளவுகோலாகக் கொள்ளலாகாது.

பொருளை ஒதுக்கும் முறை

1. கல்விக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்குக. விற்பனை மிகுந்த மாதங்களிலேயே அதில் பணம் சேர்க்க வேண்டும். ஓராண்டுக் கட்டணம் எப்போதும் முன்னிருப்பாக இருத்தல் நலம்.

2. பிள்ளையின் கட்டணம் தொழிற்செலவு ஆகாது. கடைக் கணக்கிலிருந்து கொடுப்பினும் அதனை உரிமையாளர் சொந்தச் செலவுக்கு எடுத்த தொகையாகவே எழுதுதல் வேண்டும்.

3. பழைய வருமானவரி முறையைத் தெரிந்தெடுத்தவர், இரு பிள்ளைகள் வரை, இந்தியாவில் முழுநேரக் கல்விக்குச் செலுத்தும் கற்பிப்புக் கட்டணத்திற்குக் கழிவு பெறலாம். காப்பீடு முதலிய பிற சேமிப்புகளும் சேர்ந்து உச்சவரம்பு 1,50,000 ரூபாய். நன்கொடை, வளர்ச்சி நிதி ஆகியவற்றிற்குக் கழிவு இல்லை. புதிய முறையில் இச்சலுகையே இல்லை. தொழில் வருமானம் உடையோர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ள இயலாது. ஆகவே கணக்காயரைக் கலந்து முடிவு செய்க.

பள்ளியைத் தேர்தல்

2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கக் குழு உள்ளது. குறித்த பள்ளிக்கு அக்குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு எனக் கேட்டறிக. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் 2009இல் இயற்றப்பட்டதே. சேர்க்கைக்காக நன்கொடை பெறுதலை அது தடை செய்கிறது. செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் இரசீது பெறுக.

கட்டடத்தின் பொலிவைப் பார்த்து மயங்கற்க. ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறுகின்றனரா, வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஊர்தியில் நாள்தோறும் எத்தனை மணி நேரம் கழியும் என ஆராய்க. விடுதியாயின், புலால் கலவாத சமையல் தனியே நடைபெறுகிறதா, இருட்டும் முன் உணவு கிடைக்குமா என்பதையும் கேட்டல் வேண்டும். அரசுப் பள்ளியையும் புறந்தள்ளற்க. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அதில் பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021இலும் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு அளிக்கப்பட்டது.

முடிவாக

பொருள் வரைதலை நாம் நிலம், பொன், நெல் ஆகியவற்றோடு நிறுத்திவிடுகிறோம். பிள்ளையின் பள்ளியைக் கொண்டு பெருமை தேடுவதற்கும் ஒரு வரம்பு வேண்டும். தாயும் தந்தையும் ஒருங்கே அமர்ந்து, கணக்கேட்டை விரித்து வைத்து முடிவு செய்க. வளர்ந்த பிள்ளையாயின் அதனையும் உடன் அமர்த்துக. குடும்பத்தின் நிலையை அறிந்து வளரும் பிள்ளை, பள்ளி மாற நேர்ந்தாலும் தன்னைக் குறைத்து எண்ணாது.