ஃபோர் வீல் டிரைவ் பயிற்சி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

ஆஸ்திரேலியாவில் சாதாரண கார் ஓட்டும் லைசென்ஸ் கையில் இருந்தால், லேண்ட் குரூஸரையும் ஹைலக்ஸையும் அதே லைசென்ஸில் ஓட்டலாம். தனித் தேர்வு கிடையாது. கடைக்காரர் சாவியைக் கொடுத்ததும் நேராகக் கடற்கரை மணலில் கொண்டுபோய் இறக்கினாலும் கேட்பாரில்லை. பயிற்சி வேண்டும் என்று நாமேதான் தேடிப் போக வேண்டும். தேடினால் ‘அங்கீகாரம் பெற்ற பயிற்சி’ என்று போட்டுக்கொண்டு பத்துப் பேர் நிற்கிறார்கள். மெல்பர்னிலும் பெர்த்திலும் குடியேறிய நம்மவர்கள், சுரங்க வேலைக்கோ பள்ளி விடுமுறைப் பயணத்துக்கோ இந்தப் பயிற்சியைத் தேடும்போது உதவட்டும் என்று சில குறிப்புகள்.

1. சான்றிதழை யாரிடம் காட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சுரங்கம், காட்டு இலாகா, நில அளவை, உட்பகுதி மருத்துவமனை என்று வேலைக்காகத்தான் என்றால் அரசுப் பதிவேட்டில் உள்ள பயிற்சி வேண்டும். வேறு எதுவும் செல்லாது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு முகாம் போவதற்குத்தான் என்றால் காகிதம் முக்கியமில்லை. மாநிலந்தோறும் இருக்கும் ஃபோர் வீல் டிரைவ் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு நடத்தும் வகுப்பே போதும். பல நேரம் அதுதான் பொறுமையாகவும் சொல்லித் தரப்படுகிறது. காகிதம் தேவைப்படாதவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

2. வேலைக்கு என்றால், பாடத்தின் குறியீட்டு எண்ணை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதிகம் கேட்கப்படுவது ஆர்ஐஐவிஇஎச்305 என்ற பாடம். நான்கு சக்கர இயக்க வாகனத்தை இயக்குவதும் பராமரிப்பதும் அதன் தலைப்பு. முன்னால் வரும் ஆர்ஐஐ, அது சுரங்கம், கட்டுமானம் சார்ந்த பாடத்தொகுப்பு என்பதைக் காட்டுகிறது. கடைசியில் ஒட்டிவரும் எழுத்து பதிப்பைக் குறிக்கும். பாடம் திருத்தப்படும்போது அந்த எழுத்து மாறும். வனத்துறைக்கும், வெளிப்புறப் பொழுதுபோக்குத் துறைக்கும், மீட்புப் பணிக்கும் தனித்தனிப் பாடங்கள் உண்டு. ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றுக்குப் பதில் நீட்ட முடியாது. ‘எல்லாம் ஒன்றுதான் சார்’ என்று ஃபோனில் சொல்பவரிடம் அதையே மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

3. பதிவேட்டைப் பாருங்கள். இது ஐந்து நிமிட வேலை. டிரெய்னிங் டாட் கவ் டாட் ஏயூ என்ற அரசுத் தளத்தில் பாடக் குறியீட்டைத் தட்டினால், அதை நடத்த அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் வரும். பதிவுபெற்ற பயிற்சி நிறுவனத்தை அங்கே ஆர்டிஓ என்பார்கள். நம் ஊர் ஆர்டிஓ அலுவலகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இதற்கும் லைசென்ஸுக்கும் சம்பந்தமில்லை. இவர்களைக் கண்காணிப்பது ஆஸ்குவா என்ற தேசிய அமைப்பு. அந்தந்த மாநிலத்துக்குள் மட்டும் நடத்தும் சில நிறுவனங்களை விக்டோரியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் மாநில அமைப்புகள் கவனிக்கின்றன.

நிறுவனம் பதிவு பெற்றிருந்தால் மட்டும் போதாது. நீங்கள் கேட்கும் அந்தப் பாடம் அவர்களுடைய அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். முதலுதவி வகுப்புக்குப் பதிவு பெற்றவர் அதே எண்ணைக் காட்டி வண்டி ஓட்டும் வகுப்புக்கும் ஆள் சேர்த்தால் அது செல்லாது. வகுப்பெடுப்பவர் ஒருவர், சான்றிதழ் தருபவர் இன்னொருவர் என்ற ஏற்பாடும் சகஜம். அதில் தவறில்லை. ஆனால் சான்றிதழ் தரும் நிறுவனத்தின் பெயரை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொல்லத் தயங்கினால் விலகிவிடுங்கள்.

4. வந்து உட்கார்ந்ததற்குத் தரும் சான்றிதழ் வேறு, தேர்ச்சி பெற்றதற்குத் தரும் சான்றிதழ் வேறு. பதிவேட்டுப் பாடத்துக்கு ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் அட்டெய்ன்மென்ட்’ என்ற காகிதம் வரும். அதில் குறியீடும் நிறுவனத்தின் பதிவு எண்ணும் தேசிய அங்கீகார முத்திரையும் இருக்கும். வழவழ அட்டையில் தங்கக் கரை போட்டு வருவதெல்லாம் பெரும்பாலும் வருகைச் சான்றிதழ்தான்.

இங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்களிடம் ‘நாட் யெட் காம்பிடன்ட்’ முடிவு வாங்கியவர்கள் உண்டா? அவர்களை என்ன செய்கிறீர்கள்?’ இன்னும் தேர்ச்சி வரவில்லை என்பதற்கு அங்கே எழுதும் முறையான சொல் அதுதான். நல்ல பயிற்சியாளர் சங்கடப்படாமல், ‘உண்டு, மறுபடி வரச் சொல்வோம், இவ்வளவு கட்டணம்’ என்பார். ‘எங்களிடம் எல்லாருமே பாஸ்’ என்று பெருமை அடிப்பவரிடம் மதிப்பீடு என்ற ஒன்றே நடக்கவில்லை. வேறு எதைக் கேட்க மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மீதிக் கேள்விகளுக்கான பதிலில் பாதி இதிலேயே தெரிந்துவிடும்.

5. ஸ்டியரிங் உங்கள் கையில் எத்தனை நேரம் இருக்கும் என்று விசாரியுங்கள். ஒரு வண்டியில் நான்கு பேரை ஏற்றினால் முக்கால்வாசி நேரம் நீங்கள் பயணிதான். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை வண்டிகள், எந்த நிலத்தில், லோ ரேஞ்ச் எனப்படும் மெதுவேக, அதிக இழுவைக் கியரில் எவ்வளவு நேரம், செங்குத்து இறக்கம் உண்டா என்று கேளுங்கள். மணலில் படித்தவருக்குச் சகதி தெரிந்துவிடாது. மணலில் வேகத்தைக் குறையவிடாமல் போக வேண்டும். பாறையில் அடி அடியாக நகர வேண்டும்.

ஏற்றத்தில் பாதியில் வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்பதைக் கட்டாயம் செய்து பார்க்க வைக்க வேண்டும். அந்த நேரத்தில் நம் கை தானாகச் செய்யும் காரியம் எல்லாமே தவறானது. கிளட்ச்சை மிதித்தபடி பின்னால் உருளவிடுவோம். அல்லது வண்டியை வளைத்துத் திருப்பப் பார்ப்போம். குறுக்காகத் திரும்பிய வண்டி பக்கவாட்டில் கவிழும். பிரேக்கைப் பிடித்து நிறுத்தி, லோ ரேஞ்சில் ரிவர்ஸ் கியர் போட்டு, சக்கரத்தை நேராக வைத்து, இஞ்சினே பிடித்துப் பிடித்து இறக்கும்படி வந்த வழியே நேராக இறங்குவதுதான் முறை. கரும்பலகையில் படம் வரைந்து காட்டினால் இது மனதில் நிற்காது. சரிவில் வண்டியை வேண்டுமென்றே நிறுத்தவைத்து, இரண்டு மூன்று தடவை இறங்கவைக்கும் வகுப்பைத் தேடுங்கள்.

6. சிக்கிய வண்டியை மீட்கும் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள் என்று பாருங்கள். ஓட்டும்போது ஏற்படும் தவறில் பெரும்பாலும் வண்டிதான் அடிபடும். இழுக்கும்போது ஏற்படும் தவறில் ஆள் சாகிறார்கள்.

இழுத்து மீட்க ஸ்நாட்ச் ஸ்ட்ராப் என்ற பட்டையைப் பயன்படுத்துவார்கள். அது இழுபட்டு நீண்டு, சேர்த்துவைத்த விசையால் வண்டியைப் பிடுங்கி எடுக்கும். அதை டிரெய்லர் மாட்டும் உருண்டையில், அதாவது டோ பாலில் மாட்டிவிட்டால், உருண்டை முறிந்து குண்டுபோல் பறந்து கண்ணாடியைத் துளைக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர் போயிருக்கிறது. இந்தப் பட்டைகளுக்கு அங்கே கட்டாயப் பாதுகாப்பு விதியே உண்டு. டோ பாலில் மாட்டக் கூடாது, ஏற்றுமதிக் கப்பலில் வண்டியைக் கட்டிவைக்கும் கொக்கியிலும் மாட்டக் கூடாது; பட்டையின் தாங்குதிறன் இரண்டு வண்டிகளில் இலேசானதன் மொத்த அனுமதி எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு இருக்க வேண்டும்; வெளியே நிற்பவர்கள் பட்டையின் நீளத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். இவையெல்லாம் பட்டையோடு வரும் எச்சரிக்கையிலேயே இருக்கும். படிப்பவர்தான் யாருமில்லை.

ஆகவே வகுப்பில் இவற்றைக் கேளுங்கள்: என் வண்டியில் எடைத்திறன் குறிக்கப்பட்ட மீட்புப் புள்ளி எங்கே இருக்கிறது என்று காட்டித் தருவீர்களா? வின்ச் என்ற இழுவை உருளை உண்டா, மரத்தைக் காயப்படுத்தாமல் கட்டும் பட்டை உண்டா? பட்டையைத் தொடும் முன் மண்வெட்டியையும், மேக்ஸ்டிராக்ஸ் மாதிரிப் பலகைகளையும், டயர் காற்றையும் வைத்து வெளியே வரக் கற்றுத் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு உற்சாகமாகப் பதில் சொல்பவர் நல்ல ஆசிரியர். சினிமா மாதிரி இழுத்துக் காட்டுவதிலேயே ஆர்வமாக இருப்பவரிடம் போகாதீர்கள்.

7. டயர் காற்று. மணலில் இறங்கும் முன் 20 பிஎஸ்ஐக்கு அருகில் குறைத்து, தார்ச் சாலைக்கு வந்ததும் மறுபடி ஏற்றுவது அடிப்படை. கம்ப்ரஸர், காற்று அளவி இரண்டையும் நீங்களே கையாள விட வேண்டும். காற்றைக் குறைத்தபின் வேகத்தையும் குறைக்க வேண்டும் என்பதைச் சொல்லாத வகுப்பு அரைகுறை.

8. தண்ணீரில் இறங்கக் கற்றுத் தருவார்கள் என்றால், எப்போது இறங்கக் கூடாது என்பதையும் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டர், ஃபோர்டு ரேஞ்சருக்கு 800 மில்லிமீட்டர் என்று தயாரிப்பாளர் சொல்லும் ஆழம், அசையாத நீருக்குத்தான் பொருந்தும். ஓடும் நீர் அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே வண்டியைத் தள்ளிவிடும். கடக்கும் முன் நடந்து பார் என்பது தெற்கில் நல்ல புத்திமதி. கேப் யார்க் பக்கம் முதலை இருக்கிறது. அங்கே நடந்து பார்க்கக் கூடாது.

9. நீங்கள் போக நினைக்கும் இடத்தைச் சொல்லி, அதற்கேற்ற வகுப்பா என்று கேளுங்கள். முன்பு ஃப்ரேஸர் தீவு என்று அழைக்கப்பட்ட கேகாரியின் கிழக்குக் கடற்கரை சட்டப்படி ஒரு சாலை; வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர், சிறு விமானங்களும் அதே மணலில் இறங்கும். ஓதம் உச்சத்துக்கு வரும் நேரத்துக்கு முன்பின் இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டாம் என்கிறார்கள். ஆகவே அங்கே போகிறவருக்கு ஓத அட்டவணை படிக்கத் தெரிய வேண்டும். சிம்ப்ஸன் பாலைவனத்துக்கு வேறு பாடம்: மணல்மேட்டின் மறுபக்கம் வருபவருக்குத் தெரிய உயரக் கம்பத்தில் கொடி, யுஎச்எஃப் ரேடியோவில் 10ஆம் சேனல். தெற்கு ஆஸ்திரேலியப் பகுதி டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வெயிலுக்காக மூடப்படும்.

10. யாருடைய வண்டி? உங்கள் வண்டியில் படித்தால் அதன் பொத்தான்கள் பழகும். அவர்கள் வண்டியில் படித்தால் பம்பர் உடைந்த கவலை இல்லை. குடும்பப் பயணத்துக்கு என்றால் சொந்த வண்டியில் படிப்பதே நல்லது என்பேன். ஆனால் லோ ரேஞ்ச் இல்லாத ஆல் வீல் டிரைவ் கார்களைப் பல வகுப்புகள் சேர்ப்பதில்லை. முதலிலேயே மாடல் பெயரைச் சொல்லிவிடுங்கள். பயிற்சியின்போது சேதமானால் உங்கள் காப்பீடு தருமா என்றும் கேளுங்கள். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் மணலையும் நீரையும் தொடவே வேண்டாம். அந்தச் சேதங்களைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

11. கணவன் மனைவி இருவரும் சேருங்கள். நம் வீடுகளில் ‘அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்’ என்றே முடிந்துவிடுகிறது. அருகில் பெட்ரோல் பங்க்கே இல்லாத இடத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தால் வண்டியை யார் எடுப்பது? மேலும், இறங்கி நின்று கையசைத்து வழிகாட்டுவதும் இங்கே ஒரு வேலை. இருவரும் ஒரே சைகையைப் படித்திருந்தால் பாதிச் சண்டை குறையும். கூட வருபவருக்குச் சலுகைக் கட்டணம் கேட்டுப் பாருங்கள். அவரும் ஓட்டுவார் என்பதைச் சொல்லியே கேளுங்கள்.

12. கட்டணமும் மழையும். பெருமழையில் பயிற்சித் திடலை மூடுவார்கள். தேதி மாற்றமா, பணம் திரும்பவா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பதிவுபெற்ற நிறுவனம் தனி மாணவரிடம் 1500 டாலருக்கு மேல் முன்பணம் வாங்கினால் அதற்குப் பாதுகாப்பு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு நாள் வகுப்புக்கு அவ்வளவு கேட்டால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

13. வளைகுடாவிலோ இந்தியச் சுரங்கங்களிலோ ஏற்கெனவே ஓட்டியவர்கள் முழு வகுப்பிலும் உட்கார வேண்டியதில்லை. முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழி அங்கே உண்டு, ஆர்பிஎல் என்பார்கள். பழைய முதலாளியின் கடிதம், வேலைப் பதிவுகள், தேவைப்பட்டால் ஓட்டிக் காட்டுதல் இதற்கு வேண்டும். கடிதத்தில் ‘டிரைவர்’ என்று மட்டும் போட்டால் பயனில்லை. எந்த வண்டி, எந்த நிலம், எத்தனை வருடம் என்று எழுதி வாங்கிவாருங்கள். இதையும் ஃபோனிலேயே முடித்துத் தருகிறேன் என்பவரிடம் நான்காவது குறிப்பில் உள்ள கேள்வியைக் கேளுங்கள்.

14. சேரும்போது யுஎஸ்ஐ என்ற மாணவர் அடையாள எண் கேட்பார்கள். 2015 முதல் அது இல்லாமல் சான்றிதழ் கிடையாது. எண் இலவசம், ஆன்லைனில் கடவுச்சீட்டைக் கொண்டு நீங்களே எடுத்துக்கொள்ளலாம். பெயரின் எழுத்துகள் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும்; இனிஷியலை முன்னும் பின்னும் மாற்றினால் பிறகு பதிவுகள் ஒட்டாது. தேர்ச்சி முடிவாகிக் கட்டணமும் செலுத்தியபின் 30 நாளுக்குள் சான்றிதழ் வர வேண்டும். தேர்ச்சிச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது என்றாலும், சில சுரங்க நிறுவனங்கள் சமீபத்தில் பெற்றதாக இருக்க வேண்டும் என்று கேட்கும். வேலை கிடைக்கும் முன்பே அவசரப்பட்டுப் படித்துவிடாமல், அதை விசாரித்துக்கொண்டு தேதி குறியுங்கள்.