எழுதியவருக்குக் கூலி எங்கிருந்து வரும்?

பதினொன்றாம் வகுப்பில் கட்டற்ற மென்பொருளுக்கும் தனியுரிம மென்பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் முடிகிற பகுதி. இரண்டு வரையறை, நான்கு எடுத்துக்காட்டு, ஒரு குறுவினா. லினக்ஸையும் லிப்ரே ஆபீஸையும் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டியபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சார், சும்மா குடுத்துட்டா எழுதுனவருக்குக் கூலி எங்கேருந்து சார் வரும்?"

அவன் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் அவனைக் கணினி படிக்க வைப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடப்பது எனக்குத் தெரியும். "சேவை மனப்பான்மையில் எழுதுகிறார்கள்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். சேவை செய்வதற்காகக் கடன் வாங்கி யாரும் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதில்லை. அது மாலையில் வீடு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் விதைநெல்லிலிருந்து தொடங்கினேன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய விதைத் திருவிழாவைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருந்தார்கள். 2 கிலோ பாரம்பரிய விதை பெற்றுச் செல்பவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். "விதைக்கு விலையில்லை. அப்படியானால் அந்த நெல்லால் யாருக்குமே வருமானம் இல்லையா?" என்று கேட்டேன். வகுப்பே பேசியது. உழவு ஓட்டியவர், நாற்றுப் பறித்தவர், நட்டவர், அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை வாங்கியவர், மாப்பிள்ளைச் சம்பாவை அரிசியாக்கி விற்றவர் என்று பட்டியல் நீண்டது.

பிறகுதான் 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்துக்கும், 1989இல் வந்த ஜி.பி.எல். உரிமத்துக்கும் போனேன். அந்த உரிமம் விற்பதைத் தடுப்பதில்லை. திருத்திய நிரலைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் அதே உரிமைகளோடு கொடு என்பதே அதன் நிபந்தனை. "இலவச மென்பொருள்" என்று நாம் பழக்கத்தில் சொல்வதால்தான் குழப்பமே வருகிறது. ஒரு மாணவி குறுக்கிட்டாள்: "நெல்லைக் குடுத்தா நம்மகிட்ட குறையும். நிரலைக் குடுத்தா குறையாதே சார்?" என் ஒப்புமை உடைந்த இடம் அது. நகலெடுக்கச் செலவே இல்லாத ஒன்றுக்குப் பிரதிக்கு இவ்வளவு என்று விலை வாங்க, பூட்டுப் போட்டே ஆக வேண்டும். தனியுரிம முறையின் அடிப்படை அவள் கேள்வியிலேயே இருந்தது.

அடுத்த பாடவேளையில் ஒரு செயல்பாடு. குத்தாலம் கடைத்தெருவில் ஓர் உரக்கடைக்கு ரசீது போடும் நிரல் வேண்டும். முதல் குழு சொந்தமாக எழுதி, பிரதி 5,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். இரண்டாம் குழு மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் கட்டற்றதாக வெளியிட்டுள்ள ஈஆர்பிநெக்ஸ்டை எடுத்து நிறுவி, ரசீதைத் தமிழாக்கி, கடைப்பையனுக்குப் பழக்கி, பழுது பார்த்துக் கூலி வாங்க வேண்டும். முதல் குழு ஒருமுறை உழைத்து நூறு முறை விற்கலாம் என்று துள்ளியது. "நம்ம ஊர்ல நூறு உரக்கடை ஏது?" என்று இரண்டாம் குழு கேட்டது. ஒருவர் வாங்கி நாலு பேருக்கு நகலெடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் கேட்டார்கள். நான் சிரிக்கவில்லை. பல ஆண்டுகள் என் வீட்டுக் கணினியில் ஓடியதும் அப்படி ஒரு நகல்தான். இரண்டாம் குழுவுக்கும் சிக்கல் உண்டு. காலாட்டிக்கொண்டு உட்கார முடியாது. ஒவ்வொரு கடைக்கும் புதிதாக உழைத்தால்தான் காசு.

இரு வழியிலும் பிழைத்தவர்கள் உண்டு என்று காட்டினேன். லினக்ஸுக்குப் பராமரிப்பும் உதவியும் விற்று வளர்ந்த ரெட் ஹாட்டை ஐ.பி.எம். 2019இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. தனியுரிம மென்பொருளால் வளர்ந்த ஜோஹோ தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்துகிறது. பள்ளிப்படிப்பு முடித்தவர்களை உதவித்தொகையோடு பயிற்றுவிக்கும் பள்ளியை 2005இல் தொடங்கியது. இன்னொரு பக்கத்தையும் மறைக்கவில்லை. உலகின் இணையதளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரலில் 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பெரும் ஓட்டை தெரியவந்தது. அதுவரை அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். விதையை எல்லோரும் எடுத்துப்போனார்கள், திருப்பித் தந்தவர் சிலரே.

பன்னிரண்டாம் வகுப்பில் வரும் பைத்தானும் மை-எஸ்க்யூஎல்லும் கட்டற்றவை. நாளை தனியுரிம நிறுவனத்தில் சேர்பவருக்கும் அவை கைகொடுக்கும். அதற்குப் பள்ளி ஆய்வகமே போதும். வீட்டில் கடன் வாங்க வேண்டியதில்லை. அந்த மாணவனிடம் இதைத் தனியாகவும் சொன்னேன்.

அலகுத் தேர்வில் வினாவை மாற்றினேன்: கட்டற்ற மென்பொருளைக் கொண்டு நம் ஊரில் வருமானம் பெற மூன்று வழிகளை எழுதுக. அவன் நான்கு எழுதியிருந்தான். நிறுவித் தருவது, பழுது பார்ப்பது, பயிற்சி கொடுப்பது ஆகிய மூன்றும் வகுப்பில் வந்தவை. நான்காவதை நான் நடத்தவில்லை: "ஒரே தெருவில் உள்ள ஐந்து கடைக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு, தேவையான மாற்றத்தை ஒருமுறை எழுதச் சொல்லலாம். எழுதியவருக்கு முழுக் கூலி, கடைக்கு ஐந்தில் ஒரு பங்கு செலவு."