இந்த மாதச் சொல்: 'வேய்வ்'

நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய். அரசாங்கப் படிவங்கள் மலாயில் இருப்பதால் மலேசியாவில் அவற்றை நிரப்புவது பெரிய சிரமமில்லை. வங்கி, காப்புறுதி, தனியார் வேலை, வீட்டு வாடகை என்று போனால் பல தாள்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. அந்தத் தாள்களில் அடிக்கடி தென்படும் ஒரு வினைச்சொல்லை இம்மாதம் படிப்போம். டபிள்யூ, ஏ, ஐ, வி, ஈ என்று எழுதி, 'வேய்வ்' என்று சொல்கிறோம்.

பொருள்

தனக்குரிய ஓர் உரிமையை, அல்லது தான் கேட்டு வாங்கக்கூடிய ஒன்றை, வேண்டாம் என்று தானாகவே விட்டுக்கொடுப்பதுதான் 'வேய்வ்'. பழைய நார்மன் பிரெஞ்சுச் சட்ட வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. கைவிடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். கையசைப்பதைக் குறிக்கும் சொல்லுக்கும் இதே ஒலிதான். ஆனால் அதன் எழுத்தில் ஐ வராது. இரண்டுக்கும் உறவும் கிடையாது.

மலாயில் எந்தச் சொல்?

மலாயில் படித்த பிள்ளைகளிடம் கேட்டால், உடனே 'கெச்சுவாலிக்கான்' என்பார்கள். அது பாதி சரி. கட்டணத்திலிருந்து விலக்கு அளிப்பதை மலாயில் அப்படித்தான் சொல்கிறார்கள். அதனால் 'வேய்வ்' என்று கண்டதும், நமக்கு ஏதோ சலுகை கிடைக்கிறது என்று மனம் நினைத்துவிடுகிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள்.

த பேங்க் வில் வேய்வ் த ஃபீ.
ஐ ஹியர்பை வேய்வ் ஆல் க்ளெய்ம்ஸ்.

முதல் வாக்கியத்தில் விட்டுக்கொடுப்பது வங்கி. கட்டணம் நமக்கு மிச்சம். இரண்டாவதில் விட்டுக்கொடுப்பது கையெழுத்துப் போடுபவர். எல்லாக் கோரிக்கைகளையும் இதன்மூலம் கைவிடுகிறேன் என்கிறார். இங்கே 'கெச்சுவாலிக்கான்' பொருந்தாது. 'லெப்பாஸ்கான் ஹக்' என்பதே பொருந்தும். அதாவது, ஹக்கை விட்டுவிடுவது.

அன்றாட மலாயில் இதற்கு நெருக்கமான இன்னொரு சொல் நமக்கெல்லாம் தெரிந்ததே: 'ஹலால்கான்'. கொடுத்த கடனைத் திரும்பக் கேட்காமல் விடும்போது 'சாயா ஹலால்கான்' என்கிறார்கள். பிரிந்து செல்லும்போது, உண்டதற்கும் குடித்ததற்கும் 'ஹலால்கான்' கேட்கிறார்கள். ஹக் யாருக்கு உண்டோ அவர்தான் அதை விட முடியும் என்ற கருத்து 'வேய்வ்' என்பதிலும் அப்படியே இருக்கிறது.

பிழையும் திருத்தமும்

ஒன்று: 'வேய்வ் ஆஃப்' என்று பலர் எழுதுகிறார்கள். 'ஆஃப்' தேவையில்லை. 'த ஃபீ வாஸ் வேய்வ்ட்' என்றாலே போதும்.

இரண்டு: 'ப்ளீஸ் வேய்வ் மீ ஃப்ரம் த ஃபீ' என்பது மலாய் வழியாக வரும் பிழை. 'கெச்சுவாலிக்கான்' என்ற சொல்லுக்குப் பின் ஆள் வரலாம். 'வேய்வ்' என்பதற்குப் பின் விட்டுக்கொடுக்கப்படும் பொருள்தான் வர வேண்டும். 'ப்ளீஸ் வேய்வ் த ஃபீ' என்பதே சரி. ஆளைச் சொல்ல வேண்டுமானால் 'எக்ஸெம்ப்ட்' என்ற வேறு வினைச்சொல் இருக்கிறது.

மூன்று: பெயர்ச்சொல் 'வேய்வர்'. இதிலிருந்து ஐ எழுத்தை விட்டுவிட்டால் தடுமாறுதல் என்று பொருள் மாறிவிடும்.

கையெழுத்துக்கு முன்

குடும்பங்களில் இந்தச் சொல்லின் கனம் பங்கீட்டின்போதுதான் தெரியும். ஃபராயித் பங்கீட்டில் ஒரு வாரிசு தன் பங்கை விட்டுக்கொடுப்பது உண்டு. அதற்குத் தகாருஜ் என்று பெயர். மனைவி தன் மஹரில் ஒரு பகுதியை விட்டுத் தருவதும் உண்டு. இரண்டுக்கும் மனப்பூர்வமான சம்மதம் வேண்டும். என்ன விடுகிறோம் என்றே தெரியாதவர் எப்படி மனமொப்பி விட முடியும்? 'சும்மா ஒரு கையெழுத்துதான் லாத்தா' என்று தாளை நீட்டும் தம்பி, அதில் 'வேய்வ்' என்று இருந்தால் அதைத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் பேனாவைக் கொடுக்க வேண்டும். வாய்வார்த்தையைப் பிறகு பேசித் தீர்க்கலாம். தாளில் எழுதிய சொல்லைத் திரும்பப் பெறுவது எளிதல்ல.

ஆகவே, இந்தச் சொல்லைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். விட்டுக்கொடுப்பது யார்? எதை? யாருக்காக? மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால், தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பயிற்சி

பிள்ளைகளோடு அமர்ந்து செய்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் விட்டுக்கொடுப்பது யார், எதை?

1. த காலேஜ் வேய்வ்ட் ஹர் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீ.
2. த கேரன்டர் வேய்வ்ஸ் ஹிஸ் ரைட் டு நோட்டீஸ்.
3. அக்ஸெப்டிங் லேட் ரென்ட் இஸ் நாட் அ வேய்வர்.

விடைகள்: முதலாவதில் கல்லூரி, பதிவுக் கட்டணத்தை விடுகிறது. இரண்டாவதில் கடனுக்கு ஜாமீன் நிற்பவர், தனக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று கேட்கும் உரிமையை விடுகிறார். உறவினருக்காக ஜாமீன் நிற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்றாவதில் யாரும் எதையும் விடவில்லை. தாமதமாக வந்த வாடகையை வீட்டுக்காரர் ஒரு மாதம் வாங்கிக்கொண்டதால், குறித்த நாளில் கேட்கும் உரிமையை அவர் கைவிட்டதாகாது.