தயிர் உறைப்பொடியைப் பாதுகாத்தல்

பாலைத் தயிராக்குவன உறையிலுள்ள நுண்ணுயிர்களே. உறையை உலர்த்திப் பொடியாக்கினால் பல மாதம் வைத்திருக்கலாம். ஆயினும், பொடி கெடாமல் தோன்றுவது கொண்டே அதிலுள்ள உயிர்கள் பிழைத்திருக்கின்றன என்று எண்ணலாகாது.

நீர் நீங்குங்கால் நுண்ணுயிரின் மேற்சவ்வு சிதைவுறும். உருண்டை வடிவான தெர்மோபைலஸ் இதனை ஓரளவு தாங்கும். 1905-ம் ஆண்டில் ஸ்டாமென் கிரிகோரோவ் கண்டறிந்த பல்கேரிக்கஸ் என்னும் கோல்வடிவ இனமோ பெரிதும் மடியும். எனவே இரண்டும் கலந்த உறையின் இயல்பே மாறக்கூடும். கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்து, பனியாக இறுகச் செய்து, வெற்றிடத்தில் உலர்த்தினால் சேதம் குறையும்.

உலர்ந்த பின்னும் ஈரம், உஷ்ணம், பிராணவாயு, வெளிச்சம் ஆகிய நான்கும் பகையாம். பிராணவாயு மேற்சவ்விலுள்ள கொழுப்பைக் கெடுக்கும். ஆதலின் பொடியின் ஈரம் நூற்றுக்கு 5 பங்குக்கு மேற்படாதவாறு உலர்த்தி, காற்றுப் புகாத டப்பியில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும். வெளியே எடுத்த டப்பியைக் குளிர்ச்சி நீங்கிய பின்னரே திறக்கவேண்டும். இன்றேல் காற்றின் ஈரம் பொடியில் படியும்.

பழைய பொடியை முதலில் காய்ச்சி ஆறவைத்த சிறிதளவு பாலில், சுமார் 42 டிகிரி சென்டிகிரேடு வெதுவெதுப்பில் இட்டுச் சோதித்தறிக. வழக்கமான நேரத்தில் உறையாவிடின் அப்பொடியைத் தள்ளிவிடுக. புளிப்பு தாமதித்தால் வேறு கிருமிகள் பெருகும். ஒரு குடம் பாலை இழப்பதினும் ஒரு சிட்டிகைப் பொடியை இழப்பது மேல்.