தாலி கட்டும்போது மட்டும் ஏன் வட்டம் சுற்றுகிறது?

திண்டிவனம் பக்கம் ஓமந்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகள் கல்யாண வீடியோவை முன்னறை கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்து, பின்கட்டு டிவியில் வைஃபை வழியாகப் போடுகிறோம். தாலி கட்டும் நேரத்தில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. யூடியூப் நன்றாகவே ஓடுகிறது. நெட் பிளானைக் கூட்டலாமா?"

வேண்டாம் அம்மா, அந்தக் காசு வீண். உங்கள் வீடியோ கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு வந்து, அங்கிருந்து டிவிக்குப் போகிறது. வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து நெட் படுத்திருக்கும் நாளில் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஓடும், அப்போதும் திக்கும். கேபிள்காரரைத் திட்டிப் பயனில்லை.

யூடியூப் லைன் மந்தமானால் தானாகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளும். 1080பி படத்துக்குச் சுமார் 5 எம்பிபிஎஸ் போதும். கல்யாண ஃபைல் அப்படி இறங்கி வராது. ஒரு மணி நேர வீடியோ 18 ஜிபி இருந்தால், சராசரியே 40 எம்பிபிஎஸ். அதிலும் கெட்டிமேளம் கொட்டி அட்சதை பறக்கும் காட்சியில் திரை முழுக்க அசைவு. அந்த இடத்தில் டேட்டா இன்னும் எகிறும். வட்டம் முகூர்த்தம் பார்த்துச் சுற்றுவது இதனால்தான்.

கம்ப்யூட்டரும் வைஃபை, டிவியும் வைஃபை என்றால் ஒரே படம் காற்றில் இரண்டு தடவை பயணிக்கிறது. பாதி வேகம் அங்கேயே போய்விடும். ஆகவே முதலில் கம்ப்யூட்டரை ரவுட்டரோடு லேன் வயரில் இணையுங்கள். பல வீடுகளில் இதோடு தீர்ந்துவிடும். முடிந்தால் டிவிக்கும் வயர் இழுங்கள். திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் கடையில் கேட்டால், வேண்டிய நீளத்துக்கு இரு முனையும் கிரிம்ப் செய்து தருவார்கள். டிவியின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். உங்களுக்கு அது தாராளம். வயர் முடியாதென்றால் டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேருங்கள். ஆனால் பழைய ஓட்டு வீட்டின் தடித்த செங்கல் சுவரை அது சுலபமாகத் தாண்டாது. திண்ணைப் பக்கம் ஆணியில் தொங்கும் ரவுட்டரை நடுவீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

இதற்கும் அசையாவிட்டால் வீடியோவைப் பென்டிரைவில் ஏற்றி நேரே டிவியில் செருகுங்கள். 'ஃபைல் பெரிது' என்று கம்ப்யூட்டர் மறுத்தால், பென்டிரைவ் ஃபேட்32 வகை. 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதை மறக்காமல். பென்டிரைவிலும் திக்கினால் வைஃபை குற்றவாளி அல்ல. அந்த ஃபைலை உங்கள் டிவியால் செரிக்க முடியவில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 1080பி, எச்.264, 8 எம்பிபிஎஸ் என்று வைத்து இன்னொரு பிரதி எடுங்கள். மணிக்கு 3.6 ஜிபிதான் வரும். அசலை அழித்துவிடாதீர்கள்.

அடுத்த கல்யாணத்துக்கு வீடியோகாரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே, 4கே பிரதியோடு டிவிக்கென்று ஒரு 1080பி பிரதியும் கேட்டுவிடுங்கள்.