அப்பத்தா எழுந்தால் அலறும் வீடு

அன்புள்ள கயல்,

உன் செய்தியைப் பார்த்தேன். ராத்திரி அப்பத்தா தண்ணீர் குடிக்க எழுந்தால் சைரன் அலறுகிறது, தெருவே விழித்துக்கொள்கிறது, அதனால் உங்கப்பா இப்போது அலாரத்தை ஆர்ம் செய்வதையே, அதாவது காவலுக்குப் போடுவதையே, விட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். “சென்சார் பழுதா சித்தப்பா?” என்று கேட்கிறாய். பழுதெல்லாம் இல்லை. ஹாலில் ஆள் நடந்தால் சொல்வதுதான் அதன் வேலை, சொல்லியிருக்கிறது. இந்த நேரத்தில் ஹாலில் நடப்பவர் நம் வீட்டு ஆள் என்று அலாரத்தின் மூளையான பேனலுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. அதைச் சொல்லி வைக்கத்தான் மோட் என்ற ஒன்று இருக்கிறது.

உங்கள் கீபேடில் ஸ்டே, அவே என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். சில பேனல்களில் நைட் என்று மூன்றாவதும் உண்டு. அவே என்றால் வீட்டில் யாரும் இல்லை. எல்லா சென்சாரும் விழித்திருக்கும். ஸ்டே என்றால் ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள். கதவு, ஜன்னல் சென்சார்கள் மட்டும் காவல் காக்கும், உள்ளே நடமாட்டம் பார்க்கும் மோஷன் சென்சாரைப் பேனல் கண்டுகொள்ளாது. பொருத்திய பையன் உங்கப்பாவுக்கு அவே பொத்தானை மட்டும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைக்கிறேன். இன்று இரவே ஸ்டேயை அமுக்கிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அத்தோடு தீரும்.

மீதிப் பாதி, எந்த சென்சாரை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பேனல் ஒவ்வொரு சென்சாரையும் ஒரு ஜோன் என்று எண்ணி வைத்துக்கொள்ளும். ஜோனுக்கு எண் மட்டுமல்ல, குணமும் உண்டு. வாசல் கதவு தாமதம் தரும் ஜோன். திறந்ததும் சைரன் ஊதாது; கீபேட் ‘பீப் பீப்’ என்று கத்தும், நீ உள்ளே வந்து கோடு எண் அடிக்க அவகாசம் தரும். வெளியே கிளம்பும்போதும் அப்படித்தான், ஆர்ம் செய்துவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு கதவைச் சாத்த நேரம் வேண்டுமே. பொய் அலாரத்தைக் குறைக்க அமெரிக்காவில் சிபி-01 என்று ஒரு தரநிலை வைத்திருக்கிறார்கள். அதன்படி வெளியேற இயல்பாக 60 விநாடி, உள்ளே வர 30 விநாடி. முழங்கால் வலியோடு படியேறுகிற அப்பத்தாவுக்கு 30 விநாடி போதாது. கூட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் கீபேடைப் படுக்கையறைக்குள் மாட்டிவிட்டு, அதை எட்டுவதற்காக மூன்று நிமிடம் தாமதம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் பீரோவையே காலி செய்துவிடலாம். தாமதத்தைக் கூட்டுவதற்கு முன் கீபேடை வாசலுக்குப் பக்கத்தில் மாற்று.

கொல்லைப்புறக் கதவும் ஜன்னல்களும் உடனடி ஜோன். திறந்தால் அந்தக் கணமே சைரன்தான். வீட்டு ஆள் யாரும் ஜன்னல் வழியாக உள்ளே வரப்போவதில்லை.

ஹாலில் இருக்கும் மோஷன் சென்சார்தான் இருப்பதிலேயே சுவாரசியமானது. அது ‘பின்தொடரும்’ ஜோன். வாசல் கதவு திறந்து, அவகாசம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹாலில் ஆள் நடந்தால் அதுவும் பொறுத்துக்கொள்ளும். வாசல் கதவு திறக்காமலே ஹாலில் ஆள் நடந்தால் பொறுக்காது, உடனே அலறும். ஜன்னல் கம்பியை வளைத்து உள்ளே வந்தவனுக்கு ஒரு விநாடி அவகாசம்கூடக் கிடைக்காது என்று அர்த்தம். சென்சார் ஒன்றுதான், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதைப் பார்த்துப் பேனல் முடிவெடுக்கிறது. பலர் இதைப் புரிந்துகொள்ளாமல் ஹால் சென்சாருக்கும் தனியாகத் தாமதம் வைத்துவிடுகிறார்கள். திருடனுக்கும் அதே அவகாசம் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு வகை, 24 மணி நேர ஜோன். புகை சென்சார், கேஸ் சென்சார், ஆபத்துப் பொத்தான் எல்லாம் இதில் வரும். நீ டிஸ்ஆர்ம் செய்து காவலை எடுத்திருந்தாலும் இவை தூங்குவதில்லை. பேனலின் மூடியை யாராவது திறந்தால் சொல்லும் டேம்பர் சுவிட்சும் பெரும்பாலும் இப்படித்தான். அதனால்தான் “அலாரம் தொல்லை” என்று மொத்தமாகச் சுவிட்சை அணைத்து வைப்பது எனக்குப் பிடிக்காத காரியம். டிஸ்ஆர்ம் செய்த பேனல் அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அணைத்த பேனல் சுவரில் தொங்கும் வெறும் டப்பா.

இனி சென்சார்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார். கதவுச் சட்டத்தில் ஒரு சின்ன டப்பி, கதவில் ஒரு காந்தம். டப்பிக்குள் விரல் நகம் அகலமே உள்ள கண்ணாடிக் குழாய், அதற்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை தகடுகள் ஒட்டியிருக்கும், விலகினால் பிரியும். இந்த ரீட் சுவிட்சை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் 1936-இல் உருவாக்கினார். இன்றும் இதை விட எளிமையான ஒன்று வரவில்லை. கதவு சாத்தியிருக்கும்போது மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தாலும் நிற்கும், வயரை வெட்டினாலும் நிற்கும். இரண்டுமே பேனலுக்கு அலாரம்தான். மசாசூசெட்ஸில் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் 1853-இல் காப்புரிமை வாங்கிய முதல் மின் அலாரத்தில் இது தலைகீழ்: கதவு திறந்தால்தான் மின்சாரம் பாயும், மணி அடிக்கும். அப்படிப்பட்ட சுற்றில் முன்கூட்டியே வயரை வெட்டிவிட்டால் மணிக்கு எதுவும் தெரியாது.

நம் ஊரில் இந்தக் காந்தத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று மழை. ஐப்பசியில் மரக்கதவு உப்பும், சரியாகச் சாத்தாது, காந்தம் தள்ளிப் போகும், ‘கதவு திறந்திருக்கிறது’ என்று பேனல் ஆர்ம் ஆக மறுக்கும். இன்னொன்று கிரில் கேட். இரும்பு காந்தத்தின் பலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், சாதாரணக் காந்தம் அங்கே எடுபடாது. இரும்புக் கதவுக்கென்று தனிக் கான்டாக்ட் விற்கிறார்கள், அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மோஷன் சென்சார் அசைவைப் பார்ப்பதாக நினைக்காதே, அது பார்ப்பது வெப்பத்தை. மனித உடம்பு வெளியிடும் அகச்சிவப்புக் கதிர் ஏறக்குறைய 10 மைக்ரான் அலைநீளத்தில் இருக்கிறது. சென்சாரின் முகத்தில் உள்ள வரிவரியான பிளாஸ்டிக் லென்ஸ், அறையைக் கைவிசிறி மடிப்புகள் போலப் பகுதிகளாகப் பிரிக்கிறது. வெப்பமான ஓர் உடம்பு ஒரு மடிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதுதான் அது உணரும். அதனால் குறுக்கே நடப்பவனைச் சட்டென்று பிடிக்கும், நேராகத் தன்னை நோக்கி வருபவனைத் தாமதமாகத்தான் பிடிக்கும். வாசலுக்கு நேரெதிரே மாட்டாமல் மூலையில் மாட்டச் சொல்வது இதற்காகத்தான். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை விடாது. தெருவில் போகிறவரை அது கண்ணாடி வழியாகப் பார்த்துக் கத்துகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆனால் வெயிலில் காய்ந்த திரைச்சீலை காற்றில் ஆடினால் கத்தும்.

மே மாதத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். பூட்டிய ஹால் 36, 37 டிகிரிக்குப் போய்விட்டால் சுவருக்கும் உடம்புக்கும் வெப்ப வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமல் போகும். மலிவான சென்சாருக்குக் கண் மங்கிவிடும். நல்ல சென்சார்கள் வெப்பநிலைக்கு ஏற்பத் தாமே கூர்மையைக் கூட்டிக்கொள்ளும். வாங்கும்போது இதைக் கேட்கிறவர் அரிது, நீ கேள்.

அப்புறம் பல்லி. சென்சார் முகத்தின் மேலேயே அது ஊர்ந்தால், அவ்வளவு கிட்டத்தில், சென்சாருக்கு அது முதலைதான். எறும்பு வயர் ஓட்டை வழியாக உள்ளே குடிபோகும். ஓட்டையைச் சிலிகான் வைத்து அடைத்தால் போதும். இந்த ஒரு காரியத்தைப் பொருத்துபவர்கள் செய்யாமல் போவதால் வரும் பொய் அலாரம் கொஞ்சநஞ்சமல்ல.

பொய் அலாரத்தை நான் இவ்வளவு பெரிதுபடுத்தக் காரணம் உண்டு. அமெரிக்காவில் போலீஸுக்குப் போகும் திருட்டு அலாரங்களில் 94 முதல் 98 சதவீதம் பொய்யானவை என்று அங்கே கணக்கெடுத்திருக்கிறார்கள். சால்ட் லேக் சிட்டி போலீஸ் சலித்துப்போய், யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் வருவோம் என்று 2000-இல் விதியே போட்டது. நம் வீடுகளில் சைரனுக்கு ஓடி வருவது அக்கம்பக்கத்தார்தான். மூன்று முறை அப்பத்தாவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நான்காம் முறை ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டார்கள்.

பைபாஸ் என்ற பொத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். புழுக்கத்துக்கு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் அந்த ஜோனை மட்டும் அன்றைக்கு விலக்கி வைக்கலாம். பெரும்பாலான பேனல்களில் காலையில் டிஸ்ஆர்ம் செய்ததும் அது தானாகவே நீங்கிவிடும். ஆனால் ஆப்பில் போய் சென்சாரையே ‘முடக்கு’ என்று அமைத்தால் அப்படி நீங்காது, மாதக்கணக்கில் கிடக்கும். தினமும் ஒரே ஜன்னலை பைபாஸ் செய்கிறீர்கள் என்றால் அதற்குக் காந்தம் சரிப்படாது. கம்பியை அறுத்தால், நெம்பினால் உணரும் அதிர்வு சென்சாரைக் கிரில்லிலேயே வை, ஜன்னல் திறந்தே கிடக்கட்டும்.

பகலில் நீங்கள் எல்லோரும் கிளம்பி, அப்பத்தா மட்டும் வீட்டில் இருப்பாரே, பழக்கத்தில் யாராவது அவேயை அமுக்கிவிட்டுப் போனால்? சில பேனல்களில் இதற்கும் வழி இருக்கிறது. அவே அமுக்கியும் வாசல் கதவு திறக்கவே இல்லை என்றால், ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்று பேனலே ஸ்டேக்கு மாறிக்கொள்ளும். உங்களுக்கு இது உதவாது, ஏனென்றால் நீங்கள் கதவைத் திறந்துதான் வெளியே போகிறீர்கள். அதனால் வெளியே போகும் கடைசி ஆளுக்கு ‘அப்பத்தா இருந்தால் ஸ்டே’ என்று கீபேட் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டிவை. தொழில்நுட்பத்தில் சேர்த்தியில்லைதான், ஆனால் வேலை செய்யும்.

கோடு ஆளுக்கு ஒன்று கொடுங்கள். பாத்திரம் கழுவ வரும் அக்காவுக்குத் தனிக் கோடு இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும்போது அதை மட்டும் நீக்கலாம். அவருக்கும் அதுதான் மரியாதை. யார் எப்போது வந்தார் என்பது தெளிவாக இருந்தால் வீண் சந்தேகம் வராது. மிரட்டலுக்கென்று ஒரு கோடும் பல பேனல்களில் வைக்க முடியும். கத்தியைக் காட்டி அணைக்கச் சொன்னால் அதை அடிக்க வேண்டும். சைரன் அடங்கும், ஆனால் உங்கப்பா போனுக்கு ரகசியமாகச் செய்தி போகும். அப்பத்தாவுக்கு ஞாபகம் நிற்கிற எண்ணாக அது இருக்கட்டும். அவர் பிறந்த வருடம் வேண்டாம், ஆதார் அட்டையைப் பார்த்தவருக்கெல்லாம் அது தெரியும்.

கரன்ட் போனால் பேனல் தன் பேட்டரியில் ஓடும், வைஃபை ரூட்டர் படுத்துவிடும். ரூட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடச் சொல், அல்லது பேனலில் சிம் இருக்கிறதா என்று பார். வயர் இல்லாத சென்சாரின் பேட்டரி தீரப்போகிறது என்று கீபேட் சொன்னால் அந்த வாரமே மாற்று.

ஞாயிற்றுக்கிழமை பேனலை நடைச்சோதனையில் போட்டு, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒவ்வொரு அறையாக நடந்து பார். அதற்கு முன் வீட்டின் வரைபடம் ஒன்று போடு. ராத்திரி யார் எந்த அறையிலிருந்து எங்கே போவார்கள் என்று அதில் கோடு இழுத்துக் காட்டு. அப்பத்தாவின் பாதை அடுப்படிவரை போகும், உங்கப்பாவின் பாதை பால்காரர் வரும் நேரத்தில் வாசல்வரை போகும். அந்த வரைபடத்தைப் படமெடுத்து அனுப்பு, எந்த சென்சாருக்கு எந்த ஜோன் வகை என்று நான் குறித்துத் தருகிறேன். கொல்லைக் கதவின் காந்தத்துக்கும் டப்பிக்கும் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேல் வைத்து அளந்து அதையும் எழுது.

அன்புடன்,
சித்தப்பா